தரம் 1, நிலை 2, தரம் 3

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாகக் கொழுந்து நிறுத்தவன் நான். சாக்கு எடை, ஈர எடை என்று கழித்து எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன்! அதே கையால் போன வருடம் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பேத்தியின் பேம்பர்ஸை நிறுத்தேன்.

பிள்ளைக்கு ஐந்து வயது, 15 கிலோ. இரத்தப் புற்றுநோய்க்காக அவளுடைய அண்ணனின் எலும்பு மச்சையை ஏற்றியிருந்தார்கள். ஐந்தாம் வாரம் தண்ணீராக வயிற்றோட்டம். அண்ணனிடமிருந்து வந்த நோயெதிர்ப்புக் கலங்கள் இவள் குடலை அந்நியமாக நினைத்துத் தாக்குகிற ஜீ.வீ.எச்.டீ.யாக இருக்கலாம் என்று, மலக்குடலிலிருந்து அரிசிமணி போலச் சில இழையத் துண்டுகளைக் கிள்ளி பயொப்சிக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் 'தரம் 1'. வீட்டுக்குப் போன் போட்டு, ஒன்றும் பயமில்லை என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில், நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொய்ட் தொடங்கினார்கள். "தரம் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு மருந்து?" என்று மகன் சண்டைக்குப் போய்விட்டான். கோப்பைப் புரட்டினால் ஓரிடத்தில் 'நிலை 2', இன்னொரு தாளில் 'தரம் 3'. யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தோம்.

மூன்றும் சரிதான். இரவு டியூட்டியிலிருந்த இளம் டொக்டர் பிள்ளை ஒருவர் தாளில் கீறிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. 'தரம் 1' நுணுக்குக்காட்டியில் இழையத்தைப் பார்த்துப் போட்டது. அதற்கு நாலு படி: குடல் சுவரின் சுரப்பிகளில் அங்கொன்று இங்கொன்றாகக் கலங்கள் மடிந்திருந்தால் 1, தனிச் சுரப்பி அழிந்திருந்தால் 2, அடுத்தடுத்துப் பல அழிந்திருந்தால் 3, உட்தோலே உரிந்து போயிருந்தால் 4. ஆனால் இந்த நோய் குடலில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். கிள்ளிய இடம் தப்பிய இடமாகவும் இருக்கலாம். கூடையின் மேலே கிடக்கிற ஒரு பிடிக் கொழுந்தைப் பார்த்து மலை முழுவதையும் மதிப்பிட முடியுமா? இது அந்த நோய்தானா, வைரஸ் தொற்றா என்று பிரித்தறியத்தான் இழையம் பெரிதும் உதவும். சைட்டோமெகலோ வைரசும் இதே வயிற்றோட்டத்தைத் தரும்; ஸ்டீரொய்ட் கொடுத்தால் அது தலைதூக்கிவிடும்.

'நிலை 2' என் தராசில் பிறந்தது. சிறுநீர் கலந்ததை ஒதுக்கி, காய்ந்த பேம்பர்ஸின் எடையைக் கழித்தால் அன்று முழுநாளும் போன மலம் 330 மில்லிலீட்டர். வளர்ந்தவர்களுக்கு 500க்குக் கீழே என்றால் கணக்கிலேயே வராது. பிள்ளைகளுக்கோ உடல் எடையால் வகுக்க வேண்டும்: கிலோவுக்கு 22. பத்திலிருந்து நிலை 1, இருபதிலிருந்து நிலை 2, முப்பதைத் தாண்டினால் நிலை 3. கடும் வலி, இரத்தப்போக்கு, குடல் இயங்காமை என்றால் 4. குடல் நிலை 2 ஆனாலே, தோலையும் ஈரலையும் சேர்த்துப் போடும் மொத்தத் தரம் 3 ஆகிவிடுமாம்.

டொக்டர் கீறித் தந்த அந்த அரைப்பக்கத்தைத் தமிழில் அச்சடித்து பயொப்சி முடிவோடு கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? உங்கள் மருத்துவப் பக்கத்திலாவது போடுங்கள். தாளின் போட்டோ பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். மருந்து பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. மகன்தான், தான் ஏசிய டொக்டரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
தலவாக்கலை.