சாமிகிட்ட சண்டை போட்டா பக்தி இல்லைன்னு அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் ஆன்மிக இணைப்புல, கஷ்டம் வந்தா 'ஏன் எனக்கு'ன்னு சாமிய கேக்கக்கூடாது, கேட்டா நம்பிக்கை குறைவுன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருக்கு, வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து நான் கேக்குறதே அந்த ஒரு கேள்வியத்தான், அதான் எழுதுறேன்.

எங்க ஊர் பக்கம் பூண்டி ஏரிக்கரையில ஊன்றீஸ்வரர் கோயில் இருக்கு. 1944ல கட்டி முடிச்ச ஏரிக்குள்ள பழைய திருவெண்பாக்கம் கோயில் இருந்த இடம் போயிடுச்சு, அப்புறம் கரையில கட்டினது இது. தேவாரம் பாடின சுந்தரர் திருவொற்றியூர்ல மனைவி சங்கிலியாருக்கு, உன்ன விட்டுப் போகமாட்டேன்னு பண்ணின சத்தியத்த மீறி திருவாரூருக்குக் கிளம்பி, ஊர் எல்லைய தாண்டினதும் ரெண்டு கண்ணும் போய், தடவித் தடவி வந்து நின்ன இடம் இந்த வெண்பாக்கம்தான். தப்பு அவர் மேலதான், அது அவருக்கும் தெரியும், ஆனாலும் விடல, கோயிலுக்குள்ள இருக்கியான்னு சிவன்கிட்டயே கேட்டாரு. வந்த பதில் 'உளோம் போகீர்', அவ்வளவுதான், இருக்கோம் நீ கிளம்புன்னு. கண்ணு வரல, ஒரு ஊன்றுகோல் கிடைச்சுது (நம்மள மாதிரி ஆளா இருந்தா அப்பவே கும்புடுறத விட்டிருப்போம்). அந்தக் கோலையும் கோவத்துல வீசிட்டாராம், அது பட்டு உடைஞ்சதுன்னு நந்தியோட ஒத்தைக் கொம்ப இன்னைக்கும் காட்டுவாங்க.

அப்புறம் காஞ்சிபுரம் ஏகம்பத்துல இடது கண்ணு வந்துது, வலது கண்ணு திருவாரூர்லதான். அங்கயும் கெஞ்சல, 'வாழ்ந்து போதீரே', நீங்களே நல்லா இருங்கன்னு சந்நிதியிலயே பாடினாரு. கோவிச்சுக்கிட்டவரு கோயிலுக்குப் போறத நிறுத்தல, அடுத்தடுத்த கோயிலுக்குப் போய் கோவிச்சுக்கிட்டாரு. அந்தப் பதிகத்த ஓதுவாருங்க இன்னைக்கும் பாடுறாங்க, நம்பிக்கை குறைவுன்னு யாரும் தேவாரத்துல இருந்து தூக்கல.

எங்களப் பாக்க வர்றவங்க ஆப்பிள் வாங்கிட்டு வந்து (அவருக்கு பழமெல்லாம் அளவுதான்) 'பிரதோஷம் விட்டுட்டியா, எல்லாம் நல்லதுக்குத்தான்'னுட்டுப் போறாங்க. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு இதுக்கு என்னன்னு பதில் சொல்றது, இவங்களுக்கு பேசாம இருக்கிற சாமியே தேவல.

இணைப்புல வாராவாரம் வேண்டுதல் பலிச்சவங்க கடிதம்தான் வருது. இன்னும் பலிக்காம, திட்டிக்கிட்டே விளக்கு ஏத்துறவங்களும் காசு குடுத்துதான் உங்க பேப்பர வாங்குறாங்க, அவங்க எழுதுறதையும் கொஞ்சம் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவள்ளூர்