பழைய கார் ஆர்வலர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கார் அணிவகுப்பும் மாணவர்களுக்கான கண்காட்சியும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நாம் அதிகம் உழைத்த வேலையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் 1937ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் 25/30 காரின் ஷாக் அப்சார்பர் சோதனைதான் அது.

இந்த ஏற்பாட்டைப் பலர் பார்த்ததில்லை. காரின் வேகத்துக்கேற்ப ஓடும் ஒரு சிறு பம்ப் கியர் பாக்ஸில் இருக்கிறது. வேகம் கூடக் கூட எண்ணெய் அழுத்தம் ஏறும். அது குழாய் வழியாக, வண்டியின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பருக்குப் போய் உள்ளே வால்வு ஸ்பிரிங்கை இறுக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகையில் மெத்தென்றும், நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் கெட்டியாகவும் வண்டி ஓடும். இன்னும் கெட்டி வேண்டுமானால் ஸ்டீயரிங் நடுவில் ஒரு லீவர் உண்டு.

அதற்கு முந்தைய பல கார்களில் உராய்வுத் தட்டு வைத்த ஷாக் அப்சார்பர்கள்தான் இருந்தன. அவை சின்ன மேடுகளில் விறைத்துக்கொள்ளும். பெரிய துள்ளலை அடக்காது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1932 மாடல் கார்களில் டாஷ்போர்டிலிருந்தே ஷாக் அப்சார்பரை மாற்றும் வசதி தந்தது. ஆனால் அதை ஓட்டுநர் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். இங்கிலாந்தின் டெர்பியில், ரோல்ஸ் ராய்ஸ் ஆலையில் இருந்தவர்கள் அந்த வேலையை வண்டியிடமே விட்டார்கள். என் பார்வையில் இதுதான் உயர்ந்த யோசனை. நிறுவனர்களில் ஒருவரான ஹென்றி ராய்ஸ் 1933 ஏப்ரலில் மறைந்த பிறகும், எர்னஸ்ட் ஹைவ்ஸ் பொறுப்பிலிருந்த சோதனைப் பிரிவு ஓயவில்லை. பிரான்சின் ஷாட்டோரூவில் இருந்த தளத்திலிருந்து, அங்குள்ள நீண்ட சாலைகளில் சோதனைக் கார்களை ஆயிரக்கணக்கான மைல்கள் ஓட்டிப் பார்த்தார்கள்.

நம் வண்டிக்கு வருவோம். முன்பு வேலை பார்த்த ஏதோ ஒரு பட்டறையில், பின்பக்கக் குழாயை வெட்டி முனையில் ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். எத்தனை ஆண்டுகள் அப்படியே ஓடியதோ! குழாயைப் புதுப்பித்த பிறகு ஷாக் அப்சார்பரைக் கழற்றி வைஸில் பூட்டினோம். அதிலிருந்து நீளும் நெம்புகோல் கையின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக இழுத்தோம். பிறகு கைப்பம்பால் எண்ணெய் அழுத்தம் கொடுத்து இழுத்தபோது தராசு முள் தெளிவாக மேலேறியது. ஒரு பக்கத்து ஷாக் அப்சார்பரில் மட்டும் ஏறவில்லை. திறந்து பார்த்தால், வால்வுக்கு அடியில் பழைய எண்ணெய் கசடு தார்போல உறைந்திருந்தது.

கடைசியாகப் பின்சக்கரங்களை உறுதியான ஸ்டாண்டில் தூக்கி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, குழாயில் பிரஷர் கேஜ் பொருத்தி கியரில் ஓட்டினோம். ஆக்சிலரேட்டரோடு முள்ளும் நகர்ந்தது. அதைப் பார்த்த அந்தப் பெரியவர் எங்கள் மெக்கானிக் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

உறுப்பினர்களுக்கு இரண்டு விஷயங்கள். நின்ற வண்டியின் மட்காட்டை அமுக்கித் துள்ள வைத்துப் பார்ப்பதால் இந்த அமைப்பின் நலம் தெரியாது, ஏனெனில் அப்போது பம்ப் ஓடுவதில்லை. அடுத்து, கியர் பாக்ஸ் எண்ணெய்தான் இங்கே அழுத்தமும் தருகிறது. இன்றைய சில கியர் ஆயில்களில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மானம் வெண்கலப் பாகங்களை அரிக்கும். கேட்காமல் ஊற்றாதீர்கள். ஒழுகுகிறது என்று குழாயை அடைப்பதும் வேண்டாம்; ஒழுக்கைச் சரிசெய்யுங்கள்.

இந்தப் பணிக்குத் தன் பட்டறையைத் தந்த துணைத்தலைவருக்கும், இரவில் லேத் ஓட்டிய இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி. பிரஷர் கேஜ், கைப்பம்பு, தராசு மூன்றையும் சங்கத்தின் பொதுக் கருவிகளாக வாங்க செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அத்தீர்மானத்தை இன்றைய பொதுக்குழு நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்