அந்த 'சி' எங்கே இருக்கிறது?

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டது மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "டெய்லர் தொடர் புரியுதுப்பா. மீதி உறுப்புல வர்ற 'சி' எங்கே இருக்குன்னே தெரியாதாம். அப்புறம் எப்படிப்பா பிழையைக் கண்டுபிடிக்கிறது?" வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

டெய்லர் தொடர் என்பது ஒரு சார்பை எக்ஸின் அடுக்குகளின் கூட்டலாக எழுதுவது. நடுவில் நிறுத்தினால் விட்டுப்போவதுதான் மீதி. அதன் சூத்திரத்தில் அடுத்த வகைக்கெழுவை 0-க்கும் எக்ஸுக்கும் இடையே 'சி' என்ற ஏதோ ஒரு புள்ளியில் எடுக்கிறோம். அந்த 'சி'யை நீ தேடவே வேண்டாம்மா. அது எங்கே இருந்தாலும் பிழை இவ்வளவைத் தாண்டாது என்று சொல்லத் தெரிந்தால் போதும். சைன் 0.5-ஐ எடுத்துக்கொள், ரேடியனில். எக்ஸிலிருந்து எக்ஸ் கனத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் 0.479167. நான்காம் அடுக்கின் கெழு பூஜ்யம் என்பதால் மீதிக்கு நேரே ஐந்தாம் வகைக்கெழுவுக்குப் போகலாம். அது கொசைன், எங்கே பார்த்தாலும் 1-ஐத் தாண்டாது. ஆகவே 0.5-இன் ஐந்தாம் அடுக்கை 120-ஆல் (1×2×3×4×5) வகுத்துவிடு: பிழை 0.000261-க்குள். இப்போது கால்குலேட்டரைத் தட்டு. 0.479426 வரும். வித்தியாசம் 0.000259. விடையைப் பார்க்கும் முன்பே பிழையின் எல்லை உன் கையில் இருந்தது, கவனித்தாயா?

அதே கோவையில் 3-ஐப் போட்டால் −1.5 வருகிறது, உண்மை மதிப்போ 0.141. ஆனால் எல்லையைக் கணக்கிட்டிருந்தால் அதுவே பிழை 2.025 வரை போகலாம் என்று எச்சரித்திருக்கும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கேரளத்தின் சங்கமகிராம மாதவன் ஞாபகம் வரும். 14-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர். 1-இலிருந்து 3-இல் ஒரு பங்கைக் கழித்து, 5-இல் ஒரு பங்கைக் கூட்டி, 7-இல் ஒரு பங்கைக் கழித்து என்று போகும் தொடரை நான்கால் பெருக்கினால் பை. பத்து உறுப்பு கூட்டியும் 3.0418 தான், முதல் தசம இடமே தப்பு. அவர் வழிவந்தவர்கள் விட்டுப்போன மீதி எப்படி இருக்கும் என்று யோசித்து, அதற்கென்றே ஒரு திருத்தம் வைத்திருந்தார்கள். பத்து உறுப்புக்கு அது 401-இல் 40 பங்கு. கூட்டிப் பார், 3.14159! முதல் தடவை நானே போட்டுப் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

சரி, உனக்கு ஒரு கணக்கு. 'இ' (e, இயல் மடக்கையின் அடிமானம்) என்ற எண்ணின் மதிப்பு 0.001 பிழைக்குள் வேண்டும். எத்தனையாம் அடுக்கு வரை போக வேண்டும்? இங்கே வகைக்கெழு 1-க்குள் அடங்காது, 3-ஐ எல்லையாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா