பித்தப்பையில் கல் இருப்பவருக்கு எடைக்குறைப்பு ஊசி

ஐயா,

எடைக்குறைப்பு ஊசி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, குமட்டல், ஊசியை நிறுத்தினால் எடை திரும்பிவிடுமா என்று எல்லாம் இருந்தது. பித்தப்பையைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. கல்லிடைக்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால் அந்த வரியை எழுதத் தோன்றியது, கொஞ்சம் நீண்டுவிட்டது.

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்ற ஊசிகள் இந்தியாவுக்கு வந்தபிறகு, சர்க்கரை நோய் இல்லாதவர்களும் இந்த ஊசியைக் கேட்டு வருகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். சீட்டோடு வருபவர்களிடமும், பித்தப்பையில் கல் இருப்பதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்பது வழக்கம். "ஆமா, ஸ்கேன்ல என்னமோ போட்டிருந்தாவ, வலி இல்லைன்னு விட்டாச்சு" என்பார்கள். ஊசி எழுதிய டாக்டரிடம் சொன்னீர்களா? அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை.

எடை வேகமாக இறங்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து, அதிலுள்ள கொலஸ்ட்ரால் கல்லீரல் வழியாகப் பித்தநீரில் இறங்குகிறது. அது மிஞ்சினால் கல்லாக இறுகும். போதாததற்கு, பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும் வேலையையும் இந்த ஊசிகள் மந்தமாக்குகின்றன. பசியே இல்லை என்று நேரத்துச் சாப்பாட்டையும் விட்டுவிட்டால் பித்தநீர் இன்னும் தேங்கும். பட்டினி கிடந்து வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்குபவர்களுக்கும் கல் வரும். ஊசியின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

76 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2022-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழ் வெளியிட்ட ஆய்வில், எடைக்குறைப்புக்காக இந்த வகை ஊசி போட்டவர்களுக்குப் பித்தப்பை, பித்தக்குழாய்க் கோளாறுகள் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தலைக்கணக்காகப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை. அமெரிக்காவில் வெகோவியுடன் வரும் குறிப்புத்தாளின்படி, ஊசி போட்டவர்களில் 1.6 சதவீதம் பேருக்குப் பித்தக்கல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 0.7 சதவீதம். கல் இருந்தாலே ஊசி போடக்கூடாது என்ற தடையும் கிடையாது. ஊசியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

வலி வரும்போதுதான் சிக்கல். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி எல்லாம் ஊசியின் சாதாரணப் பக்கவிளைவுகள். அதனால் கல்வலியையும் 'ஊசி வேலை செய்யுது' என்று பொறுத்துக்கொள்கிறார்கள். போதாததற்கு, எங்கள் பக்கத்தில் வயிற்றில் எது பிடித்தாலும் வாயு என்றுவிடுவார்கள். மறுவீட்டில் தேங்காய்ப்பால் சொதியை ஒரு பிடி பிடித்துவிட்டு, ராத்திரி கடை மூடும் நேரத்தில் ஓமவாட்டர் கேட்டு வருவார்கள். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறி, மணிக்கணக்கில் விடாமல் நிற்கும் வலிக்கு ஓமவாட்டர் மருந்தல்ல. கூடவே குளிர்காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குத் துளைக்கிற வலியும் வாந்தியும் என்றால் கணையம் வீங்கியிருக்கலாம். ஊசியின் அடுத்த தவணையை அவர்களாகப் போட்டுக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் மதினிக்கு 8 மில்லிமீட்டர் கல். சொதி, பரோட்டா என்றால் வலி வந்துவிடும். அவர்களுக்கும் ஒரு டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்திருந்தார். "எடை குறைஞ்சா கல்லும் சேர்ந்து கரைஞ்சிரும்லா தம்பி?" என்று கேட்டார்கள். கரையாது. அவர்கள் காலையில் குடித்துவந்த வாழைத்தண்டுச் சாற்றுக்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை. அது சிறுநீரகக் கல்லுக்கென்று சொல்லும் வைத்தியம். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அறுவைசிகிச்சை டாக்டரிடம் அனுப்பினேன். ஏற்கெனவே வலி வந்துபோவதால் முதலில் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் போட்டு, பித்தப்பையை எடுத்துவிடலாம், ஊசி அப்புறம் என்றார். வலியே தராமல் சும்மா கிடக்கும் கல்லுக்குப் பொதுவாக அறுவைசிகிச்சை தேவைப்படாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி மருந்தின் அளவை மெல்ல ஏற்றலாம். எடை வேகமாக இறங்குபவர்களுக்குப் புதுக் கல் சேராமலிருக்க அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை எழுதுவதும் உண்டு. கல் இருப்பது தெரிந்தால்தானே டாக்டர் இதையெல்லாம் யோசிக்க முடியும்?

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்தால் மேசை நிறையும். அத்தனையும் பொடி எழுத்து ஆங்கிலம். பித்தப்பை எச்சரிக்கை அதில் எங்கோ கிடக்கும். மருந்து நிறுவனங்கள் அதைத் தமிழில் அரைப் பக்கம் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். ஊசி எழுதும் டாக்டர்கள் எடையையும் சர்க்கரையையும் கேட்கும்போது பித்தப்பையையும் கேட்டுச் சீட்டில் குறித்துவிட்டால், மருந்து கொடுக்கும் எங்களுக்கும் தெரியும். வாசகர்கள் ஊசிக்குப் போகும் அன்று, பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.