ஜெர்மனில இஷ்டத்துக்குப் பறக்கலாம்னு எழுதலாமா ஐயா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வந்த ஜெர்மனி பயணக் கட்டுரையப் படிச்சேன். அங்க ஆட்டோபான்ங்கிற நெடுஞ்சாலையில வேகக் கட்டுப்பாடே கிடையாது, கையில நல்ல வண்டி இருந்தா இஷ்டத்துக்குப் பறக்கலாம், நமக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லன்னு எழுதியிருந்தீங்க. பக்கத்துல அரைப் பக்கத்துக்கு போர்ஷே படம் வேற. நான் செங்கோட்டையில ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். கடைக்கு வர்ற பயலுவ அந்தப் பக்கத்த மாத்தி மாத்தி வாங்கிப் படிச்சானுவ, படிச்ச சூட்டோட ஒருத்தன் "அண்ணாச்சி, புளியரை எறங்கின நேர் ரோட்ல நம்மளும் 140 தொட்ரலாம்லா"ங்கான். புளியரை எங்க ஊர்ல இருந்து கொல்லம் போற மலை ரோட்ல இருக்கு. அவனுக்கு லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் கூட ஆகல.

நான் கார் பிடிக்காத ஆள் இல்ல ஐயா. கடைக்குள்ள உக்காந்து சத்தத்த வச்சே வர்றது பியட்டா அம்பாசிடரான்னு சொன்ன காலத்துல இருந்து இந்தப் பைத்தியம் எனக்கு உண்டு. மக கல்யாணமாகி ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கா, அங்க போனப்ப கோட்டை, ஏரின்னு பாத்தத விட ரோட்டோரம் நின்னு வண்டி பாத்ததுதான் ஜாஸ்தி. அதனாலதான் அந்த ஒரு வரி இவ்வளவு சுடுது.

கட்டுப்பாடு இல்லன்னு யாரு சொன்னா? மியூனிக் போற ஏ 8 ரோட்ல மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து போர்டு போர்டா படிச்சுட்டே போனேன். 120 வரும், வேலை நடக்கிற எடத்துல 80 வரும், அதுக்கும் கீழ கூட வரும், மழை பேஞ்சா மட்டும்னு தனி போர்டு உண்டு. ஊருக்குள்ள 50, வீடுங்க இருக்கிற தெருவுல பல எடத்துல 30தான். ஆட்டோபான்ல எந்த போர்டும் இல்லாத எடத்துலயும் 130க்குள்ள போங்கன்னு 1978ல இருந்து அரசாங்கம் சொல்லியிருக்கு, அது கட்டாயம் இல்லதான், ஆனா அதுக்கு மேல போய் இடிச்சா தப்பு அடுத்தவன் மேல இருந்தாலும் நஷ்டத்துல ஒரு பங்கு நம்ம தலையில விழலாம். முன்னால போற வண்டிய ஒட்டிக்கிட்டுப் போனா கேமரால பிடிச்சு கொஞ்ச காலத்துக்கு வண்டியே ஓட்டக்கூடாதுன்னு ஆக்கிருவாங்க. கட்டுரையில இதுல ஒன்னாவது இருக்கா?

அங்க வலது பக்கமா ஓட்டுறதால ஓவர்டேக் லேன் இடது ஓரம். மாப்பிள்ளை ஒரு லாரியத் தாண்டினதும் இண்டிகேட்டரப் போட்டு வலது லேனுக்கு வந்துருவாரு, அடுத்த லாரி கண்ணுக்கு முன்னால தெரிஞ்சாலும் வந்துட்டுத்தான் மறுபடி வெளிய போவாரு. ஏன் மாப்பிள்ளை இப்படி மெனக்கெடுதீகன்னு கேட்டேன். "மாமா, கண்ணாடியப் பாருங்க"ன்னாரு. பின்னால ஒரு பொட்டு வெளிச்சம்தான் தெரிஞ்சுது, நான் கழுத்தத் திருப்பதுக்குள்ள ஒரு ஆடி வேகன் எங்களத் தாண்டிப் போயாச்சு, டிக்கியில என்ன மாடல்னு எழுத்து கூட இல்ல, வண்டி வாங்கும்போதே அந்த எழுத்து வேண்டாம்னு சொல்லிருவாங்களாம். அவன் அந்த வேகத்துல வர்றான்னா முன்னால இருக்கவன் கண்ணாடி பாப்பான், லேன் விட்டு வெலகியிருப்பான், வலது பக்கமா புகுந்து ஒருத்தனும் தாண்ட மாட்டான்ங்கிற நம்பிக்கையிலதான் வர்றான். அந்த நம்பிக்கைய அம்புட்டு பேரும் சேந்து காப்பாத்துறாங்க. நீங்க அத விட்டுட்டு வேகத்த மட்டும் எடுத்துப் போட்டீங்க.

ஒரு எடத்துல ரோடு அடைச்சு எல்லாரும் நின்னோம். ஆம்புலன்ஸ் சத்தம் கூட இல்ல, அதுக்கு முன்னாலயே இடது லேன் வண்டியெல்லாம் இடது ஓரத்துக்கும் மத்ததெல்லாம் வலது பக்கமும் ஒதுங்கி நடுவுல ஒரு பாதையே தெறந்துட்டு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு ஐயா. நம்ம நாட்டுலயும் ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா 10,000 ரூபா அபராதம்னு 2019ல சட்டம் திருத்தியாச்சு, உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா புளியரை எஸ் வளைவுல லோடு லாரி ஒன்னு ஏற முடியாம நின்னுட்டா, பின்னால நிக்கிறவன் ஒவ்வொருத்தனா எதிர் லேன்ல மூஞ்சிய நீட்டி ரெண்டு பக்கமும் அடைச்சு, கொல்லம் போற நோயாளி ஆரியங்காவு கூட தாண்ட முடியாம கெடக்கான். ஜெர்மனில ஞாயித்துக்கிழமை ராத்திரி 10 மணி வரைக்கும் பெரிய லாரியே ரோட்டுக்கு வரக்கூடாது. இங்க சபரிமலை சீசன்ல ஆந்திரா வேன், மதுரை பஸ், எம் சாண்ட் லாரி எல்லாம் ஒரே நேரத்துல அந்த மலையில ஏறி எறங்குது.

இன்னொன்னும் சொல்லணும். மலையில இருந்து எறங்குற வண்டி பாதிப் பேரு நியூட்ரல்ல விட்டுத்தான் வாராவ, டீசல் மிச்சமாம். பிரேக்க மட்டும் மிதிச்சு மிதிச்சு வந்து என் கடை வாசல்ல நிறுத்தும்போது கருகின நாத்தம் வரும், டிஸ்க் நீலம் பாரிச்சிருக்கும், பிரேக் பேட கழட்டினா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். ஏறுன கியர்லயே எறங்கணும்னு இந்தப் பக்கத்து பழைய டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும், இப்ப லைசென்ஸ் எடுக்கிறவனுக்கு யாரு சொல்லித் தர்றா? என் அண்ணன் மகன் மூணாவது கியரே போடாம டெஸ்ட் பாஸ் ஆனான், எந்த ஆபீஸ்னு சொல்ல விரும்பல. ஜெர்மனில முதலுதவி கிளாஸ் முடிச்சு, ராத்திரி, ஆட்டோபான், ஊருக்கு வெளியன்னு கட்டாயமா 12 பாடம் ஓட்டினாத்தான் டெஸ்ட்டுக்கே போகலாம். சொந்தக் கார மூணாவது வருஷமும் அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கவும் சோதிச்சு நம்பர் பிளேட்லயே வட்ட ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. நம்ம ஊர்ல சொந்தக் காருக்கு 15 வருஷம் கழிச்சு ஆர்சி புதுப்பிக்கும்போதுதான் அந்தப் பேச்சே.

ஸ்டுட்கார்ட் மெர்சிடஸ் மியூசியத்துல எல்லாரும் ரேஸ் கார் முன்னால போட்டோ எடுத்தாங்க, நான் பெர்த்தா பென்ஸ் கதையிலதான் நின்னேன். 1888ல புருஷன் கார்ல் பென்ஸ் செஞ்ச கார, அவர் கிட்ட சொல்லாம ரெண்டு பையங்களக் கூட்டிட்டு மான்ஹெய்ம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்முக்கு 100 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போன அம்மா. வழியில பிரேக் கட்டை தேஞ்சதும் செருப்பு தைக்கிறவர் கிட்ட தோல் அடிச்சு வாங்கிப் போட்டிருக்காங்க. முதல் நெடும்பயணத்துலயே பிரேக்கப் பத்தி யோசிச்சிருக்காங்க. உங்க கார் பக்கத்துல இத்தனை வருஷமா ஜீரோல இருந்து 100 தொட எத்தனை செகண்ட், சன் ரூஃப் உண்டா, எத்தனை இன்ச் ஸ்கிரீன்னு வாரா வாரம் வருது. 100ல இருந்து நிக்க எவ்வளவு தூரம்னு ஒரு தடவ கூட போட்டதில்ல. விபத்துச் செய்தியிலயும் செத்தவர் சொந்தக்காரங்க பேரு, ஊரு எல்லாம் இருக்கும், சீட் பெல்ட் போட்டிருந்தாரா, டயர் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி இருக்காது. 2022ல மட்டும் நம்ம நாட்டு ரோட்ல ஒன்றரை லட்சத்துக்கும் மேல செத்திருக்காங்க. எதிர்ல வர்றவன் கண்ண அவிக்கிற ஹைபீம் பத்தி ரெண்டு தடவ உங்களுக்கு எழுதினேன், ரெண்டும் வரல. எடம் இல்லாம இருந்திருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அதே இணைப்புல போர்ஷேக்கு அரைப் பக்கம் எடம் இருந்துச்சே ஐயா.

நான் கேக்கிறது சின்ன விஷயம்தான். ஆட்டோபான்ல பல எடத்துல வேகக் கட்டுப்பாடு உண்டு, இல்லாத எடத்துலயும் 130தான் சொல்லியிருக்கிற வேகம், ஓவர்டேக் பண்ணினதும் லேன் மாறியே ஆகணும்னு ஒரு திருத்தம் வர்ற ஞாயிறே போடுங்க. உள்பக்கத்துல மூலையில வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்துல. அந்தப் பயலுவ அந்தப் பக்கத்த மட்டும்தான் படிக்கானுவ.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையின் நெடுநாள் வாசகன்,
செங்கோட்டை