எழுப்பியது யார்? ஃபர்ம்வேர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மடிக்கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மூடி வைத்த மடிக்கணினி தானாக விழித்துக்கொள்ளும் கதை உங்களுக்குப் புதிதல்ல. சில வாரங்களுக்கு முன் ஒரு காலை பையைத் திறந்தேன், உள்ளே அனல். விசிறி இரைந்துகொண்டிருந்தது. இரவு 91 சதவீதம் இருந்த பேட்டரி 6-க்கு வந்திருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுப்பியது யார் என்று என் இயங்குதளமான லினக்ஸைக் கேட்டால் 'ஐஆர்க்யூ 9' என்று ஒரு குறுக்கீட்டு எண்ணைச் சொல்கிறது. அது, மின்சார நிர்வாகத்துக்காக வன்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் ஏசிபிஐ முறையின் பொது வாசல் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடி, சார்ஜர், பேட்டரி என யார் வந்தாலும் அந்தக் கதவைத்தான் தட்டுகிறார்கள். தட்டிய சத்தம் பதிவாகிறது, தட்டியவர் பெயர் பதிவாவதில்லை.

சரி, நானே பிடிக்கிறேன் என்று இறங்கினேன். மூடிய கையோடு விழித்தால் பத்து நிமிட வேலை. இதுவோ நள்ளிரவு தாண்டித்தான் விழிக்கும், அதனால் ஓர் இரவுக்கு ஒரு சந்தேகம்தான். முதல் இரவு யூஎஸ்பி கன்ட்ரோலரின் எழுப்பும் உரிமையைப் பறித்தேன். மறுநாள் நெட்வொர்க் கார்டு. அப்புறம் டச்பேட். தினமும் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் கணினியின் நிகழ்வுப் பதிவான லாகைப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. பதினோராவது இரவில், மூடி, பேட்டரி போன்றவற்றைக் கவனிக்கும் சிறு சில்லான எம்பெடட் கன்ட்ரோலர் எழுப்பக்கூடாது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்கு ஓர் அளபுரு (அமைப்புக் கட்டளை) கொடுத்தேன். விடியும்வரை நிம்மதியாகத் தூங்கியது.

ஆனால் இப்போது மூடியை நானே திறந்தாலும் எழுவதில்லை, பவர் பட்டனை அமுக்க வேண்டியிருக்கிறது. அந்த கன்ட்ரோலர் நள்ளிரவில் என்னதான் சொல்ல வந்தது என்பது இன்னும் உங்கள் நிரலுக்குள்தான் இருக்கிறது. அதை எழுதிவையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பழைய மாடலில் பயாஸ் எனும் தொடக்க அமைப்புத் திரையில் எஸ்3 என்று ஒரு தூக்க முறைக்கான தேர்வு இருந்தது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றதையெல்லாம் ஏறக்குறைய அணைத்துவிடும். இந்த மாடலில் அதையும் எடுத்துவிட்டீர்கள். போனைப் போலச் சட்டென்று எழ வேண்டுமாம். எழுகிறது ஐயா, நன்றாகவே எழுகிறது, கூப்பிடாமலே எழுகிறது! கடைசி மூன்று அப்டேட்களின் குறிப்பிலும் 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்ற ஒரே வரி. எதன் நிலைத்தன்மை?

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். தயவுசெய்து அடுத்த அப்டேட்டில், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் எழுப்பியது யார், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி லாகில் விழச் செய்யுங்கள். முடிந்தால் எஸ்3-யையும் திருப்பித் தாருங்கள். அதுவரை ஷட்டவுன் செய்துதான் பையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
பதினோரு இரவு காவல் காத்த ஒரு வாடிக்கையாளர்