கடற்காற்று மட்டும் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

'கடலோரத்தில் எந்த முலாமும் நிற்காது' என்று குளச்சல் வாசகர் ஒருவர் சலித்துக்கொண்டு எழுதியிருந்தார். வடசேரியில் 27 வருடம் நிக்கல் முலாம் பட்டறை நடத்தியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. உப்புக்காற்று கெடுக்கும்தான். ஆனால் நாங்கள் முலாம் போடும் கரைசல் தொட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

நிக்கல் மினுங்குவதற்காக 'பிரைட்னர்' ஊற்றுவோம். அதில் முக்கியமான சரக்கு சாக்கரின். ஆமாம், சர்க்கரைக்குப் பதில் காப்பியில் போடுகிற அதே சாக்கரின்தான். மின்சாரம் ஓடும்போது, முலாம் ஏறும் பொருளின் மேல் அது ஒட்டி உடையும். அதிலுள்ள கந்தகம் நிக்கலோடு சேர்ந்து படியும். படிகங்கள் பொடியாகி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். ஆனால் கந்தகம் ஏறிய நிக்கல் சீக்கிரம் அரிக்கும். அதனால்தான் தரமான வேலையில் கந்தகமில்லாத அரைப்பளபளப்பு நிக்கலை அடியில் கனமாக ஏற்றி, பளபள நிக்கலை அதன் மேல் ஏற்றுவார்கள். அரிப்பு மேலடுக்கிலேயே பக்கவாட்டில் பரவும். இரும்பைத் தொட நாளாகும்.

நானும் தப்பு செய்தவன்தான். ஒருநாள் வேலை மங்கலாக வருகிறது என்று பட்டறைப் பையன் ஒரு குவளை பிரைட்னர் கூடுதலாக ஊற்றினான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அன்று முலாம் போட்ட என் மைத்துனர் பைக்கின் கிராஷ் கார்டு, வண்டி ஒருமுறை சாய்ந்ததும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. மங்கலுக்குக் காரணம் பிரைட்னர் குறைவல்ல. ஏற்கெனவே உடைந்த பிரைட்னரின் மிச்சம் தொட்டியில் சேர்ந்திருந்தது. அப்புறம் கரைசலைச் சூடாக்கி, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுக் கலக்கி, ராத்திரி முழுக்க வடிகட்டித்தான் சரியானது. மைத்துனர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

எத்தனை ஆம்பியர் எத்தனை மணி ஓடியது என்று கணக்குப் பார்த்து பிரைட்னர் சேர்க்க வேண்டும். சிறு பட்டறைகளில் கண்ணளவில்தான் ஊற்றுகிறோம். 'ஹல் செல்' என்று 267 மில்லி கரைசல் பிடிக்கும் சின்னச் சோதனைத் தொட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு தகட்டைச் சாய்வாக வைத்து முலாம் போட்டால் போதும். ஒரு ஓரத்தில் மின்சாரம் அதிகமாகவும் மறு ஓரத்தில் குறைவாகவும் பாயும். கருகும் ஓரம் முதல் மங்கும் ஓரம் வரை தொட்டியின் குணம் அதில் தெரிந்துவிடும். கோணம் தொழிற்பேட்டையில் இந்தச் சோதனைக்குப் பொதுவாக ஓர் இடம் வேண்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் வருடத்துக்கு ஒருமுறை வந்து சொல்லிக்கொடுத்தாலும் போதும்.

குளச்சல்காரர் அடுத்த முறை குரோம் போடக் கொடுக்கும்போது, அடியில் இரண்டு அடுக்கு நிக்கல் வேண்டும் என்று கேட்டு வாங்கட்டும். கூலி கொஞ்சம் கூடும்.

ஓய்வுபெற்ற முலாம் பட்டறைக்காரர்,
வடசேரி, நாகர்கோவில்.